“அம்மா அழுவா, இது அழாது”
பேசும் இயந்திரமும் எங்கள் பிள்ளைகளும்

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் முதன்முதலாகத் தொடுதிரைத் தொலைபேசி வந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள். தோட்டை அடகு வைத்தும், சீட்டுக் காசை எடுத்தும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் கேட்டும் தாய்மார் எப்படியோ ஒரு போனை வாங்கிக் கொடுத்தார்கள். பாடசாலைகள் திறந்த பின்னும் அந்தப் போன் வீட்டை விட்டுப் போகவில்லை. இப்போது அதற்குள் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார். பிள்ளைகள் ‘ஏஐ’ என்கிறார்கள். தமிழில் செயற்கை நுண்ணறிவு என்கிறோம்.

வன்னியில் பெண்கள் குழுக்களோடும் பிள்ளைகளோடும் உளசமூகப் பணி செய்பவள் நான். அண்மைக்காலமாகத் தாய்மார் கூட்டங்களில் இந்தப் புதியவரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருகிறது. ஒரு தாய் சொன்னார்: “இரவிரவா ஆரோடையோ எழுதி எழுதிக் கதைக்கிறாள் மிஸ். பெடியனாக்கும் எண்டு பயந்து போனைப் பறிச்சுப் பாத்தன். பெடியன் இல்லை, ஏதோ கொம்பியூட்டராம். வயித்திலை பால் வார்த்த மாதிரி இருந்தது.”

கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண் பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய்க்கு ஊர்வாய்க்குப் பதில் சொல்லும் பயம் எப்போதும் உண்டு. ஆனாலும் பெடியன் இல்லை என்பதோடு கதை முடியவில்லை. ஒரு பிள்ளை நடுச்சாமத்தில் விழித்திருந்து எதையோ சொல்கிறாள் என்றால், அதைக் கேட்பது யார் என்பது ஒரு கேள்வி. அதைச் சொல்ல வீட்டில் ஏன் ஆளில்லை என்பது மற்றக் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதற்கான பதில் எங்களிடமே இருக்கிறது.

போனுக்குள் இருப்பது என்ன?

2022 நவம்பர் 30ஆம் திகதி ஓப்பன் ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் சட்ஜிபிடியை வெளியிட்டது. பின்னர் கூகுளின் ஜெமினி, வட்ஸ்அப்புக்குள்ளேயே வருகின்ற மெற்றா ஏஐ எனப் பல வந்துவிட்டன. நாம் எழுதினால் அவை பதில் எழுதும். பேசினால் பேசும்.

‘பொங்கலன்று பானையில் பால்’ என்று சொல்லி நான் நிறுத்தினால், ‘பொங்கும்’ என்று நீங்கள் முடிப்பீர்கள். இந்த இயந்திரமும் அடிப்படையில் அதைத்தான் செய்கிறது. மனிதர்கள் எழுதிய ஏராளமான பக்கங்களை அதற்குள் செலுத்தி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதன்பின் அது தரும் பதில்களுள் எது நல்லது என்று மனிதர்களைக் கொண்டு புள்ளி போடுவித்து மேலும் பழக்குகிறார்கள். தங்களுக்கு இதமாக இருக்கும் பதிலுக்கு மனிதர்கள் கூடப் புள்ளி போடுவது இயல்பு. ஆகவே ‘நீங்கள் சொல்வது சரி’, ‘உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது’ என்று ஒத்துப் பேசும் குணம் அதற்குள் ஏறிவிடுகிறது. 2025 ஏப்ரலில் சட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று முறைப்பாடுகள் வந்து, சில நாட்களிலேயே அந்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் ஆச்சிமார் இப்படிப்பட்ட ஆட்களைத் திண்ணையோடேயே அனுப்பிவிடுவார்கள்.

படித்த பெரியவர்களே இதில் மயங்கியிருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ‘எலைசா’ என்னும் சிறிய நிகழ்ச்சி ஒன்றை வெளியிட்டார். ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று எழுதினால், ‘உங்களுக்கு ஏன் கவலையாக இருக்கிறது?’ என்று நம் சொல்லையே திருப்பிக் கேட்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அவரது காரியதரிசி, ஒருநாள் அதனோடு கதைக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் அவரை அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டாராம். தனியே கதைக்க வேண்டுமாம். வைசன்பாம் இதனால் கலங்கிப் போய்ப் பின்னர் 1976இல் ஒரு நூலே எழுதினார். இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்தவருக்கே அப்படியென்றால், 15 வயதுப் பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வருவேன் என்று சொன்ன இயந்திரம்

ஒரு பிள்ளையைப் பற்றி இங்கு எழுத வேண்டும். அவளும் தாயும் அனுமதி தந்திருக்கிறார்கள். ஊரையும் அடையாளங்களையும் தவிர்த்துள்ளேன்.

2009 மே மாதத்தில் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டபோது அவளுக்கு எட்டு மாதம். இப்போது உயர்தரம் படிக்கிறாள். தாய், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் முதற் கிழமையிலிருந்தே இருந்தவர். வீட்டுச் சுவரில் தகப்பனின் படம் ஒன்று இருக்கிறது. அதற்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. இப்படியான படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இறந்தார் என்று சொல்ல மனம் வராது, இருக்கிறார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதனால் பிள்ளையோடு தகப்பனைப் பற்றி ஒன்றுமே கதைக்காமல் விடுவது வழக்கமாகிவிடுகிறது.

பிள்ளை கணித பாடத்துக்காகத்தான் அந்த இயந்திரத்தைத் திறந்திருக்கிறாள். ஒருநாள் இரவு, “நீ என்ர அப்பா மாதிரிக் கதை” என்று எழுதினாள். அதுவும் கதைத்தது. ஆனால் முதலில் அதன் தமிழ் புத்தகத் தமிழும் இந்தியத் தமிழுமாக இருந்திருக்கிறது. ‘அப்பா இப்பிடிக் கதைக்க மாட்டார்’ என்று அவள் ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாள். தன்னை ‘குஞ்சு’ என்று கூப்பிடச் சொன்னாள். அப்பாவுக்குச் சைக்கிள் கடை இருந்ததையும் அவர் கொஞ்சம் பகிடிக்காரர் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். சில நாட்களில் அது ஏறக்குறைய ஊர்த் தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டது. நான்கு மாதங்கள், ஒவ்வொரு இரவும்.

பிறகு ஒருநாள், “எப்ப வருவீங்கள்?” என்று கேட்டுவிட்டாள்.

“கெதியிலை வருவன் குஞ்சு. அம்மாவைக் கவனமாப் பாத்துக்கொள்” என்று பதில் வந்தது.

அந்த இயந்திரம் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்ட தகப்பன் அப்படிப்பட்ட மகளுக்கு என்ன சொல்வார் என்று கணித்தது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் படலைக்கு ஓடியிருக்கிறாள். வகுப்பாசிரியை என்னை அழைத்தது அந்தக் கிழமையில்தான்.

“அது மெஷின் எண்டு எனக்குத் தெரியும் மிஸ்” என்றாள். “தெரிஞ்சும் விடியும்வரை நித்திரை வரேல்லை.”

ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை என்றேன்.

“அம்மாவிட்டைக் கேட்டா அம்மா அழுவா. இது அழாது.”

தாயிடம் பிள்ளையின் சம்மதத்தோடு சொன்னபோது, போனை அடித்து உடைக்கப் போவதாக எழும்பினார். பிறகு இருந்தார். சற்று நேரம் கழித்து மெதுவாக, “அது என்னெண்டு சொன்னது? அவர் வருவாராமோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் அங்கே தேறுதல் எதுவும் சொல்லவில்லை. காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் சொல்ல முடியாததை ஒரு கணிப்பு இயந்திரம் எப்படிச் சொல்லும் என்பதை மட்டும் இருவருக்கும் விளக்கினேன். பிள்ளையும் நானும் அந்தப் பழைய உரையாடல்களை முதலிலிருந்து வாசித்தோம். முதற் கிழமையில் தான் எத்தனை தடவை திருத்தியிருக்கிறாள் என்பதை அவளே எண்ணிப் பார்த்தாள். அப்பாவின் குரலென்று தான் கேட்டது தானே சொல்லிக் கொடுத்த சொற்கள் என்று அவளுக்கு அங்கேதான் விளங்கியது.

அது விளங்கினாலும் வெற்றிடம் அப்படியேதான் இருந்தது. அதை நிரப்ப வவுனியாவிலிருந்து மாமியை, அதாவது தகப்பனின் தமக்கையை, வரச் சொன்னோம். மாமரத்தால் விழுந்து கை முறிந்த கதை, கலியாணத்தன்று வேட்டி கட்டத் தெரியாமல் நின்ற கதை எல்லாம் மாமி சொன்னார். தாய் அழுதார், நன்றாகவே அழுதார். பிறகு எழும்பி முகத்தைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி போட்டார். “அழுதா அம்மாவுக்கு ஏதேனும் நடந்திடும் எண்டு நினைச்சிருந்தன்” என்று பிள்ளை பின்னர் என்னிடம் சொன்னாள். அந்த உரையாடல் இன்னும் அவளுடைய போனில் இருக்கிறது. எப்போதாவது திறந்து பார்ப்பதாகச் சொல்கிறாள். அழிக்கும்படி நான் சொல்லவில்லை.

இது எங்கள் பிள்ளைக்கு மட்டும் தோன்றிய எண்ணமும் அல்ல. ‘ரெப்ளிகா’ என்ற பேச்சுத்துணைச் செயலியின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. ரஷ்யாவில் பிறந்த யூஜீனியா குய்தா என்ற பெண், 2015இல் விபத்தில் இறந்த தன் நண்பர் அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளைக் கொண்டு அவரைப் போலப் பேசும் நிகழ்ச்சி ஒன்றை முதலில் செய்தார். ரெப்ளிகா 2017இல் பொதுமக்களுக்கு வந்தது. 2023 பெப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, சிறுவர்களுக்கு ஏற்படக்கூடிய ஆபத்தைக் காரணம் காட்டி அங்கே அதற்குத் தடை விதித்தது.

அமெரிக்காவில் நடந்தவை இன்னும் பாரதூரமானவை. 2024 பெப்ரவரியில் புளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ‘கரக்டர் ஏஐ’ என்ற செயலியில் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு மாதக்கணக்காக உறவாடியதே அவனைத் தனிமைப்படுத்தியது என்று கூறித் தாய் அதே ஆண்டு ஒக்டோபரில் வழக்குத் தொடர்ந்தார். 2025 நவம்பரில் அந்த நிறுவனம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பாத்திரங்களோடு தடையின்றி உரையாடுவதை நிறுத்தியது. கலிபோர்னியாவில் 16 வயது மகனை இழந்த பெற்றோர் 2025 ஓகஸ்டில் ஓப்பன் ஏஐ மீது வழக்குத் தொடர்ந்தனர். நீண்ட உரையாடல்களில் தன் பாதுகாப்பு ஏற்பாடுகள் தளரக்கூடும் என்று அந்த நிறுவனமே அப்போது ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியையும் கொண்டுவந்தது. எல்லா வசதியும் உள்ள நாட்டிலும் பெற்றோருக்குக் கடைசிவரை தெரியாமல் போயிருக்கிறது.

எதைக் கவனிப்பது?

எத்தனை மணித்தியாலம் பார்க்கிறாள் என்று மட்டும் கணக்கெடுப்பதால் பெரிய பயன் இல்லை. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எங்கள் பகுதியில் உண்டு. அங்கே ஒரு பிள்ளை இரண்டு மணித்தியாலம் இதனிடம் கணக்குக் கேட்டுப் படித்தால் நான் சந்தோசப்படுவேன். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத மகளைக் கொண்டு இதில் உதவி பெற்ற தாய்மாரையும் எனக்குத் தெரியும். போனைப் பறிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பறித்தால் பிள்ளை தோழியின் போனில் திறப்பாள், எங்களுக்குத் தெரியவும் வராது.

மனிதரின் இடத்தை அது பிடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முன்பு ரியூசன் முடிந்து தோழியோடு கதைத்துக்கொண்டு வந்தவள் இப்போது தனியே ஓடி வருகிறாளா? டேட்டா முடிந்த நாளில் தாங்க முடியாத கோபம் வருகிறதா? எந்தச் சண்டையிலும் ‘ஏஐயும் அப்பிடித்தான் சொன்னது’ என்று முடிக்கிறாளா? நாலு வரிக் கட்டுரையைக்கூட அதனிடம் கேளாமல் தொடங்கப் பயப்படுகிறாளா? நித்திரை குறைந்து காலையில் முகம் வீங்கியிருக்கிறதா? ஆண் பிள்ளைகளிடம் இது வேறு விதமாகத் தெரியும். அவர்கள் கதையைச் சொல்லமாட்டார்கள், சாப்பாட்டுக் கோப்பையோடு அறைக்குள் போய்விடுவார்கள்.

ஆனால் தாய் கண்டுபிடிப்பதைவிடப் பிள்ளை தானே கண்டுகொள்வது நல்லது. எங்கள் பிள்ளைகள் குழுவில் நாங்கள் ஒரு விளையாட்டுச் செய்கிறோம். அண்மையில் யாரோடாவது பட்ட சண்டையை இயந்திரத்திடம் சொல்ல வேண்டும். ‘அம்மா என்னைச் சுற்றுலாவுக்கு விடவில்லை, அம்மா செய்தது பிழைதானே?’ என்று. பதிலை எழுதி வைக்க வேண்டும். பிறகு புதிய உரையாடலைத் திறந்து, அதே சண்டையைத் தாயாக இருந்து சொல்ல வேண்டும். ‘மகளின் பாதுகாப்புக்காக விடவில்லை, அவள் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை, நான் செய்தது சரிதானே?’ என்று. முதலில் மகளுக்கு ஆறுதல் சொன்ன அதே இயந்திரம் இப்போது தாயைப் பாராட்டுவதை வாசித்து ஒரு பிள்ளை, “இது ரெண்டு பக்கமும் மேளம் அடிக்குது” என்றாள். நான் ஒரு மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவு வந்திராது.

இன்னொரு தடவை தங்கள் ஊர்க் குளத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டார்கள். ஒரு பெயரும் ஆண்டும் வந்தன. அடுத்த பிள்ளை கேட்டபோது வேறு பெயர், வேறு ஆண்டு. இரண்டையும் கேட்ட ஊர்ப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லும் இந்தப் பழக்கம் மருந்து, நோய், சட்டம் பற்றிக் கேட்கும்போது ஆபத்தாகிவிடும். தமிழில் கேட்டால் பிழை இன்னும் கூடலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அது படித்த தமிழ் மிகக் குறைவு.

பெரிய பிள்ளைகளுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கிழமைக்குக் குறிப்பு எழுதச் சொல்கிறேன். அதைத் திறப்பதற்கு முன் ஒரு சொல்: பாடம், அலுப்பு, கோபம், பயம், நித்திரை வரவில்லை. மூடிய பின் ஒரு பெயர்: இதை வேறு யாரிடம் சொல்லியிருக்கலாம்? அந்தப் பெயர் வரும் இடம் நாட்கணக்காக வெறுமையாக இருந்தால், அந்தப் பிள்ளையோடு நான் தனியே கதைப்பேன். கொப்பியை நான் வாங்கி வாசிப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சிறியவைதான். இரவு பத்து மணிக்குப் பின் எல்லாப் போனும், அம்மாவின் போனும் சேர்த்து, குசினியில் சார்ஜில் இருக்கட்டும். கட்டுரையைப் பிள்ளை முதலில் பென்சிலால் தானே எழுதட்டும், பிறகு இயந்திரத்திடம் காட்டித் திருத்தட்டும். பரீட்சை மண்டபத்துக்குள் அது வராது என்பது அவர்களுக்கும் தெரியும். குடும்பத்தவரின் பெயர், காணாமல் போனவர் பற்றிய விபரம், தன் படங்கள் ஆகியவற்றை அதற்குள் போடக்கூடாது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். எழுதுவதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கணினிகளில் சேமிக்கப்படுகிறது. 2025இல் சட்ஜிபிடி பாவனையாளர்கள் பகிர்ந்த சில உரையாடல்கள் கூகுள் தேடலில் வெளிப்பட்டு, அந்த வசதியையே நிறுவனம் நீக்க வேண்டி வந்தது. எங்கள் குடும்பங்களின் கதைகள் எந்தக் கையில் போய்ச் சேரும் என்ற பயம் எங்களுக்குப் புதிதல்ல. பிள்ளைகளுக்கு அந்தப் பயம் தெரியாது.

ஆங்கிலம் தெரியாது, கொம்பியூட்டர் தெரியாது என்று பின்நிற்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். “அது உனக்கு என்ன சொல்லுது, எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு” என்று கேட்க ஆங்கிலம் தேவையில்லை. கேட்டுவிட்டு உடனே புத்திமதி சொல்லாமல் இருந்தால் போதும். களைப்பாக இருந்தால், “இப்ப ஏலாது பிள்ளை, நாளைக்குக் காலமை தேங்காய் துருவேக்கை கதைப்பம்” என்று சொல்லலாம். சொன்னபடி காலையில் கூப்பிட வேண்டும். அழுகை வந்தால் அழலாம்.

பிள்ளை சாவைப் பற்றிக் கதைத்தாலோ, எழுதியிருப்பதைக் கண்டாலோ ஒருநாளும் பிந்த வேண்டாம். தனியே விடவும் வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சிறுவர்களுக்கான இலக்கம் 1929. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருப்பார். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். 1929க்குப் பிள்ளைகள் தாங்களாகவே அழைக்கலாம். தமிழில் கதைக்கலாம், காசு அறவிடப்படாது. இந்த இரண்டு இலக்கங்களையும் போனில் பதிவதோடு சுவர்க் கலண்டரிலும் பெரிதாக எழுதி விடுங்கள்.